ஒரிஜினல் எவிடே

வேலந்தாவளம் செக்போஸ்ட்டை ஒட்டி
எட்டுக்கு ஆறடி ஜெராக்ஸ் கடை என்னுடையது.
ஆர்.சி., பெர்மிட், தேங்காய் லோடு பில்,
எதை நீட்டினாலும் கூண்டுக்குள் இருப்பவர்
அப்போதெல்லாம் ஒன்றுதான் கேட்பார்:
ஒரிஜினல் எவிடே?

அந்தக் கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டேதான்
பதினொரு வருடம்
பொன் தகடுகளை நம்பினேன்.
தூதன் கொடுத்தானாம்.
பெயர்த்து எழுதி முடித்ததும்
திரும்ப வாங்கிக்கொண்டானாம்.
சாட்சிக் கையெழுத்து இருக்கிறது சிஸ்டர், என்றார்
எல்டர் பொந்தூரு.
எல்டர் என்றால் மூப்பர். மூப்பருக்கு வயது இருபது.
ராஜமுந்திரியில் இருக்கும் அம்மாவோடு
வருடத்துக்கு இரண்டே தடவைதான் போனில் பேசலாம்.
வெள்ளைக் காலரில் தேங்காய் எண்ணெய்க் கறை.
அந்தப் பையன் பொய் சொல்லவில்லை.
இன்றைக்கும் சொல்வேன், அவன் பொய் சொல்லவில்லை.

ஞாயிறு விடிந்ததும் கோயமுத்தூர் பஸ்.
வாடகை வீட்டு ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள்.
கட்டைவிரல் உயரக் கோப்பையில்
ரத்தத்தின் பேரால் பச்சைத் தண்ணீர்.
ஒவ்வொருவராக மைக்குக்குப் போய்
'எனக்குத் தெரியும்' என்பார்கள்.
நம்புகிறேன் அல்ல. தெரியும்.
நானும் போனேன், சொன்னேன், தொண்டை அடைத்தது.
நெஞ்சுக்குள் ஒரு சூடு.
அது என்ன சூடு?
எனக்குத் தெரியாது. இருந்தது.

நூற்றுக்குப் பத்து. ஒரு ரூபாய் ஜெராக்ஸுக்கும் கணக்கு.
காபி கூடாது, டீ கூடாது.
பக்கத்துக் கடை மணியக்கா கிளாஸை நீட்டும்போதெல்லாம்
வயித்துப்புண் என்பேன்.
பொய்யும் கூடாதுதான்.

அப்பா,
இப்போது உங்களிடம் வருகிறேன்.

மூங்கில்மடையில் கள்ளு ஏற்றி
வெயிலுக்கு முன் திருச்சூர் சேர்க்கும் ஜீப் உங்களுடையது.
சட்டையில், சீட்டில், என்னைத் தூக்கிய கையில்
புளித்த வாசம்.
குதிரான் இறக்கத்தில் போய்ச் சேர்ந்தீர்கள்.
செத்தவர்களுக்கும் ஞானஸ்நானம் உண்டு என்றார்கள்.
ஹாங்காங் கோவிலில் யாரோ ஒருவர்
உங்கள் பெயரில் மூழ்கி எழுவார்.
நான் எழுதிக் கொடுத்தேன்:
ஆறுச்சாமி, த/பெ நஞ்சப்பன்.
பிறந்த தேதி தெரியாமல்
ரேஷன் கார்டு வயதைக் கழித்து
ஒரு ஜனவரி ஒன்றைப் போட்டேன்.
ஏற்பதும் மறுப்பதும் அங்கே உங்கள் இஷ்டமாம்.
இங்கே யாரும் உங்களைக் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
நீச்சல் தெரியாத உங்களுக்காக
ஒரு சீனப் பையன் வெள்ளை உடையில் முங்குவதை நினைத்து
மிஷினை அணைத்துவிட்டு அழுதேன்.
சந்தோஷத்தில்தான்.

எப்போது விட்டது என்று கேட்கிறார்கள்.
கதவு சாத்திய சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை.
ஜி.எஸ்.டி. வந்த ஜூலையில்
ஒரே ராத்திரியில் லாரி வரிசை கரைந்தது.
தடுப்புக் கம்பம் தூக்கியது தூக்கியபடி நின்றது.
யாரும் யாரிடமும் ஒரிஜினல் கேட்கவில்லை.
வேலையில்லாத அந்த மத்தியானங்களில்
நான் கேட்க ஆரம்பித்தேன்.

போன மாதம் கடிதம் போட்டேன்,
என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று.
நோட்டரி முத்திரைக்குக் கொழிஞ்சாம்பாறை வக்கீல்
நூற்றைம்பது வாங்கினார்.
பழக்க தோஷம், இரண்டு காப்பி எடுத்து வைத்தேன்.
மரியாதையாகப் பதில் வந்தது. எடுத்துவிட்டார்கள்.
உங்கள் பெயரை எடுக்க என்னிடம் ஃபாரம் இல்லை அப்பா.
கடல் தாண்டி ஏதோ ஒரு ஏட்டில்
நனைந்தபடியே நிற்கிறீர்கள்.
துண்டு நீட்டக் கை எட்டவில்லை.

ஞாயிறு ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது.
பத்தில் ஒன்றை விரல் இன்னும் தனியே ஒதுக்குகிறது.
யாருக்கென்று இல்லாமல் ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடக்கிறது.

நேற்று மணியக்கா கடையில் போய் உட்கார்ந்தேன்.
ஒரு டீ.
அவள் என்னைப் பார்த்தாள். ஆற்றினாள். வைத்தாள்.
"வயித்துப்புண் ஆறிருச்சா கண்ணு?"

நாக்கைச் சுட்டது. துவர்ப்பு. இவ்வளவுதானா என்றிருந்தது.

"தெரியலக்கா" என்றேன்.